மச்சான் போய்விட்டு வந்த இடம்

மச்சான் செத்துப் பிழைத்ததிலிருந்து அவர் வீட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஓர் அடுக்குமாடியின் மொட்டைமாடி அறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது கரண்ட் அடித்துத் தூக்கிப் போட்டது. இதயம் நின்றுவிட்டது. கூட வேலை செய்தவர் நெஞ்சில் குத்தாத குத்து குத்தி அதை மறுபடி ஓட வைத்துவிட்டார். குத்தியதில் விலா எலும்பு விரிசல் விட்டது. உயிர் போனபோது வலிக்கவில்லை, வந்தபோதுதான் வலித்தது என்று மச்சான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். போன இடத்தைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தார்.

தொடங்கி வைத்தவர் கீழ்வீட்டுத் தையல்காரர். மேலே போனீர்களா, கீழே போனீர்களா என்று லிஃப்டை வைத்துக் கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். பிறகு கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, எங்கப்பா மாதிரி யாராவது அங்கே தென்பட்டாரா என்று தரையைப் பார்த்தபடி கேட்டார். மச்சான் கொஞ்சம் யோசித்தார். தென்பட்டார், கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், உன்னை விசாரித்தார் என்றார். அப்பா கண்ணாடியே போட்டதில்லையே என்றார் தையல்காரர்.

"இங்க போடல. அதனாலதான் ஒரு கை நீளம் ஒரு கை குட்டைன்னு தைக்க உனக்குக் கத்துக்குடுத்துட்டுப் போனாரு. அங்க போய் வாங்கிப் போட்டுக்கிட்டாரு."

தையல்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அப்புறம் கேட்கவா வேண்டும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் தன் அம்மாவைப் பற்றிக் கேட்டார். மருந்துக்கடைக்காரர் செத்துப்போன தன் நாயைப் பற்றிக் கேட்டார். நாயிடமிருந்துகூட மச்சான் சேதி கொண்டுவந்திருந்தார். யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அங்கே இருந்தது கொஞ்ச நேரம், அதற்குள் ஊரையே விசாரித்துவிட்டு வந்துவிட்டாராம், இங்கே கடைக்கு அனுப்பினால் மூன்று சாமானில் இரண்டை மறந்துவிட்டு வருகிற மனுஷன், என்று அவர் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். மச்சான் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்.

இத்தனைக்கும் நடுவில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பான். மச்சானின் தங்கைதான் அவன் மனைவி. போன வருடம் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்ததும் அவன் நேராக இங்கே வந்துவிடுவான். உடம்பு சரியில்லாத மச்சானைப் பார்த்துக்கொள்ள வருகிறான், தங்கமான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் வந்தது அதற்கில்லை. அவளைப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்கத்தான் வந்துகொண்டிருந்தான்.

கேட்க வாய் வரவில்லை. வாயைக் கெடுத்துக்கொண்டது அவனேதான். அவள் நல்ல இடத்தில் இருப்பாள் என்று யாரோ ஆறுதல் சொன்னபோது, எந்த இடம், முகவரி கொடுங்கள் என்று கேட்டுவிட்டு எழுந்து போனவன் அவன். மச்சான் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, ரத்தம் போகாவிட்டால் மூளை வெளிச்சம் காட்டும், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்று பாடம் எடுத்தவனும் அவன்தான். இனி எந்த முகத்தோடு கேட்பது.

மச்சானும் பிடி கொடுக்கவில்லை. நாயிடமிருந்துகூடச் சேதி கொண்டுவந்தவர், அவனைப் பார்த்தால் மட்டும் கிரிக்கெட் பேசினார். அவன் உள்ளுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். சொல்வதெல்லாம் புளுகு என்றால் எனக்கும் ஒன்று புளுகியிருக்கலாம். நிஜம் என்றால் சொந்தத் தங்கையைப் பார்க்காமலா வந்திருப்பார். பார்த்திருக்கிறார், சொல்லக் கூடாத ஏதோ இருக்கிறது. படித்தவன் போடுகிற கணக்கா இது என்று அவனுக்கே தோன்றியது. ஆனாலும் தூக்கம் போயிற்று.

மச்சான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் சனிக்கிழமை. பழுதானது மாப்பிள்ளை குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டேதான். தனியாகப் போகக் கூடாது என்று மச்சானின் மனைவி கறாராகச் சொல்லிவிட்டதால் டார்ச் பிடிக்க அவன் கூடப் போனான்.

கீழே மீட்டர் அறையில் மச்சான் மெயின் ஸ்விட்சை அணைத்தார். அதன்மேல் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மேலே கை லிஃப்டின் கரண்ட் பெட்டிக்குள் இருக்கும்போது கீழே யாரும் ஸ்விட்சைப் போட்டுவிடக் கூடாது. அதற்குத்தான் பூட்டு. கரண்ட் அடித்த அன்றைக்கு அந்தப் பூட்டைத்தான் அவர் போடாமல் விட்டிருந்தார். லிஃப்ட் ஓடவில்லையே என்று எந்தப் புண்ணியவானோ வந்து ஸ்விட்சைத் தட்டிவிட்டான்.

ஆறு மாடி ஏறினார்கள். மொட்டைமாடி அறையில் மச்சான் பெட்டியைத் திறந்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார், விளக்கு எரியவில்லை. கையை உள்ளே கொண்டுபோனார். வெளியே எடுத்தார்.

பூட்டு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறாயா மாப்ள என்று கேட்டார். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் அவன் ஆறு மாடி இறங்கி, பார்த்து, ஆறு மாடி ஏறி வந்தான். பூட்டு இருந்தது. மச்சான் மறுபடி டெஸ்டரை வைத்தார். மறுபடி கையைக் கொண்டுபோய் எடுத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு யாரிடமாவது இன்னொரு சாவி இருக்குமோ என்றார். மறுபடியும் இறங்கச் சொல்லப் போகிறார் என்று தெரிந்ததும் அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அவ்வளவு நல்ல இடம்னா, திரும்பிப் போக ஏன் மச்சான் இவ்வளவு யோசனை?"

மச்சான் சிரித்தார். சிரித்தது விலாவில் பிடித்துக்கொண்டது. விலாவைப் பிடித்தபடி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அங்க ஒண்ணும் இல்ல மாப்ள."

"வெளிச்சம்?"

"இல்ல. தூங்கினாக்கூட எழுந்ததும் தூங்கினோம்னு தெரியும். அதுகூட இல்ல. ஸ்க்ரூடிரைவரப் பிடிச்சிட்டிருந்தேன். அடுத்தது ஆஸ்பத்திரி ஃபேன்."

ஜெயித்தது அவன்தான். ஜெயித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் அளந்துவிடவில்லை என்று அவன் கேட்டான். முதலில் தயார் செய்ததே உனக்குத்தான், ஆஸ்பத்திரியில் படுத்தபடியே செய்தேன், நீ வந்து மூளை, ரத்தம் என்று ஆரம்பித்தாய், இந்த ஆளிடம் வேகாது என்று விட்டுவிட்டேன் என்றார் மச்சான். பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்:

"அதோட, அவ என் தங்கச்சி. போனதே போனோம், அவளையாவது ஒரு எட்டுப் பாத்துட்டு வந்திருக்கலாம். அது நடக்கல. நடந்ததா சொல்ல வாய் வரல."

அவன் டார்ச்சை அணைத்தான், போட்டான், அணைத்தான்.

"சொல்லுங்க."

"எத?"

"தயார் பண்ணி வெச்சத."

"பொய்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."

மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவள் ஒரு மரத்தடியில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள் என்று ஆரம்பித்தார்.

"அமைதியாவா?" என்றான் அவன்.

சரி, பக்கத்தில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள் என்று மச்சான் மாற்றிக்கொண்டார். அண்ணனைப் பார்த்ததும், அவர் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று கேட்டாள்.

"அவருன்னு சொல்ல மாட்டா. அந்த ஆளும்பா. சாப்பிடறேனான்னும் கேக்க மாட்டா. சாப்பிட்ட தட்டக் கழுவறேனான்னுதான் கேப்பா."

எங்கள் வீட்டில் இருந்தவரைக்கும் பரம சாதுவாக இருந்தாளே என்றார் மச்சான். உங்கள் வீட்டில் அது நடிப்பு என்றான் அவன். தூங்கும்போது விளக்கை அணைக்க விட மாட்டாள், கதை கேட்டுக்கொண்டே பாதியில் தூங்கிவிட்டு, முடிவைக் காலையில் சொல்லச் சொல்லி உயிரை எடுப்பாள், தோற்கிற மாதிரி இருந்தால் கேரம் பலகையைச் சாய்த்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டே போனான். ஒரு வருடமாக அவன் அவளைப் பற்றி இத்தனை வார்த்தை பேசியதில்லை. மச்சான் நடுநடுவே ஏதாவது ஒன்றைத் தப்பாகச் சொன்னார். தெரியாமல் சொன்னாரோ, வேண்டுமென்றே சொன்னாரோ. ஒவ்வொன்றையும் அவன் விடாமல் திருத்தினான்.

லிஃப்ட் எப்போது ஓடும் என்று கீழே மாடிப்படியிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். வேலை நடக்கிறது என்று மச்சான் எட்டிப் பார்த்துப் பதில் சொன்னார். பெட்டிப் பக்கம் திரும்பாமல் மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"தலைய நல்லா வாரி கிளிப் போட்டிருந்தா," என்றார்.

"போட்டிருக்க மாட்டா மச்சான்," என்றான் அவன். "அங்கயும் தொலைச்சிருப்பா."