குணமானவர்களின் பாய்கள்

கணவர் ஆறுமுகநாதனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு சந்திரவதனா சாமியின் மடத்துக்குப் புறப்பட்டாள். அவரிடம் அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது.

ஆறுமுகநாதன் மாத்தளையில் நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்தவர். சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்தவர்; இன்சுலின் ஊசியில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. இரத்தோட்டைக்கு மேலே சாதிக்காய்த் தோட்டமொன்றில் இருந்த சாமி, "ஊசி உடம்ப அடிமையாக்குது, விட்டுடுங்க. வேப்பந்தண்ணி போதும்" என்றார். ஆறுமுகநாதன் ஊசியை விட்டார். சில நாளில் வாந்தி தொடங்கியது. மூச்சில் அழுகிய பழத்தின் வாசம் வீசியது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவள் கெஞ்சியபோதெல்லாம், "கழிவு வெளிய போகுது, அவ்வளவுதான்" என்று சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினார்.

வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோருடைய அடையாள அட்டையையும் பார்த்ததில், அவள் மடத்தை அடையும்போது வெள்ளிக்கிழமைப் பகல் பூசை முடிந்திருந்தது. மடத்தில் சமையல் பார்க்கும் சுசீலாதேவி வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க தங்கச்சி. உங்க வீட்டுக்காரர் அப்பவே வந்துட்டாரு."

சந்திரவதனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தாள். வரிசையாகப் பாய்கள். ஒவ்வொரு பாயின் முன்னாலும் ஒரு தம்ளர் வேப்பந்தண்ணீர். பாதிக்கு மேல் பாய்களில் ஆள் இல்லை. ஆனால் நடந்து போனவர்கள் அந்தப் பாய்களை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். ஒரு பெண்ணின் சேலை வெறும் பாயொன்றில் பட்டுவிட, "மன்னிச்சுக்கங்க" என்று குனிந்து சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

"இவங்க எல்லாரும் குணமானவங்க" என்றாள் சுசீலாதேவி.

சாமி வந்தார். மெலிந்த, சாந்தமான மனிதர். ஒரு வெறும் பாயின் முன் நின்று, "சாப்பிட்டீங்களா, ஆறுமுகம்?" என்று கேட்டார். பதிலைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்து, மெல்லச் சிரித்தார்.

"சாமி, அவர் செத்துட்டாரு" என்றாள் சந்திரவதனா. "ஊசிய நிறுத்தச் சொன்னது நீங்கதானே? அத மட்டும் ஒத்துக்கங்க."

"நான் யாரும்மா சொல்றதுக்கு? உள்ள இருக்கிறவன் சொன்னான், அவரு கேட்டாரு. செத்தது நோய்தான். அவரு இதோ இருக்காரே." சாமி குரலைத் தாழ்த்தினார். "மிச்சமிருந்த மருந்த வீட்டு ஜம்பு மரத்தடியில பொதைச்சீங்களாம். ஏன்னு கேக்குறாரு."

அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. புதைக்கும்போது பக்கத்தில் ஒரு காக்கைகூட இருக்கவில்லை.

அவள் அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பாய் சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல. இப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமைதோறும் வரலாம், பேசலாம்.

அடுத்த பாயில் இருந்தவர் அவள் பக்கம் திரும்பினார். செல்லச்சாமி, தேயிலைத் தோட்டத்து ஆள்.

"அம்மா, ஐயாவுக்குச் சுகமாயிருச்சாமே. எனக்கு வலிப்புங்க. நாளையிலருந்து மாத்திர வேணாம்னுட்டாரு சாமி. விட்டுடலாங்களா?"

சுசீலாதேவி தூரத்திலிருந்து தலையாட்டி அவளை ஊக்கினாள். அப்போது பாயிலிருந்து அந்த வாசம் எழுந்தது. அழுகிய பழ வாசம். கடைசி நாட்களில் அவரைத் திருப்பிப் படுக்கவைத்தபோதெல்லாம் அவள் முகத்தில் அடித்த அதே வாசம்.

"விடாதீங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரர் சுகமாகல்ல. ஊசிய விட்டதாலதான் செத்தாரு. நான்தான் கடைசியா வாயில தண்ணி ஊத்தினேன்."

செல்லச்சாமியின் பார்வை அவளைத் தாண்டிப் போய் அங்கேயே நின்றது.

"அப்ப உங்க பக்கத்துல இருக்கிறவரு யாருங்க?"

சந்திரவதனா திரும்பவில்லை. கழுத்தோரம் யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தது.

"யாரா வேணா இருக்கட்டும். நீங்க மாத்திரயப் போடுங்க. எந்திரிங்க, போவோம்."

செல்லச்சாமி தயங்கித் தயங்கி எழுந்தார். யாரும் அவர்களை மறிக்கவில்லை. சாமி மட்டும், "போய்ட்டு வாங்க, ஆறுமுகம்" என்றார். மண்டபத்தில் இருந்தவர்கள் மூன்று பேருக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கிக்கொண்டார்கள்.

பொலிஸில் அவள் சொன்னதைக் கேட்ட சார்ஜன், சொன்ன சொல்லுக்காக ஒருத்தரைப் பிடித்து அடைக்க முடியாது என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினார். அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவள் தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மடத்துக்கு ஏறும் பாதையின் அடியில் போய் நின்றாள். வருகிறவர்களிடம் கணவர் எப்படிச் செத்தார் என்று சொன்னாள். சிலர் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். செல்லச்சாமி ஒருநாள் வந்து, மாத்திரையை விடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் சிலரோ அவள் பேசி முடிக்கும்வரை நின்றார்கள். பிறகு அவளுக்குப் பக்கத்தில், யாருமில்லாத இடத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு மேலே ஏறினார்கள்.

அவள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. அடுத்து வருகிறவரைப் பார்த்துப் பேசத் தொடங்குவாள்.