முதல் சந்தனம்

அரங்கசாமி நாயுடுவுக்கு இரண்டு பேரைக் கண்டால் ஆகாது. ஒருவர் இங்கிலீஷ் இயந்திரங்களுக்கு ஏஜென்டான ஐயாசாமி. இன்னொருவர் ரஷ்ய இயந்திரங்களை விற்கும் பாலகோபால். எல்லாம் ஓர் ஆயுத பூஜையில் வந்த வினை.

பீளமேட்டில் நாயுடுவுக்கு ஒரு பம்புப் பட்டறை. லேத் இங்கிலீஷ்காரன் செய்தது, டிரில்லிங் மெஷின் ரஷ்யாக்காரன் செய்தது. 1960-ஆம் வருஷத்துப் பூஜைக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று இரண்டு ஏஜென்டுகளையும் அழைத்துத் தொலைத்தார். கிழக்கு மூலையிலிருந்து சந்தனம் வைத்துக்கொண்டு வருவது பட்டறை வழக்கம். அங்கே நின்றது டிரில்லிங் மெஷின். அவ்வளவுதான், ஐயாசாமி பொரியைக்கூட வாங்காமல் கிளம்பிவிட்டார். பாலகோபாலோ, நாயுடு நம்ம பக்கம் வந்தாச்சு என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார்.

நாலாம் நாள் லேத்தின் பல்சக்கரம் உடைந்தது. தாராபுரத்துத் தோட்டக்காரர்களுக்குத் தீபாவளிக்குள் இருபது பம்பு போயாக வேண்டும். அங்கே மஞ்சள் பயிர் தண்ணீரில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. தவறினால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஐயாசாமியின் கண்ணாடி அலமாரியில் அதே சக்கரம் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அவர் எழுந்துகூட நிற்கவில்லை.

"ஏனுங்க நாயுடு, சந்தனத்த யாருக்கு மொதல்ல வெச்சீங்களோ, அவங்ககிட்டயே போய்க் கேளுங்க."

பாலகோபால் காப்பி கொடுத்து உபசரித்தார். பத்து நாளில் புது லேத்தையே இறக்கித் தருவாராம். இனி ரஷ்யச் சாமானைத் தவிர வேறெதுவும் பட்டறைக்குள் வராது என்று எழுதி, கையெழுத்து மட்டும் போட வேண்டுமாம்.

நாயுடுவுக்கு வயிறு எரிந்தது. எந்தக் கோஷ்டியிலும் சேரமாட்டோம் என்று டில்லியில் இருப்பவர்கள் மேடையில் சொல்லிவிட்டுப் போகலாம். உடைந்த சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்கட்டும்! காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தார்.

உக்கடத்திலிருந்து சைக்கிளில் வரும் ஃபிட்டர் முஸ்தபாதான் வழி கண்டுபிடித்தான். உடைந்ததைப் பார்த்து மரத்தில் அச்சு செதுக்கி, இரும்பு வார்த்து, ரஷ்ய மெஷினில் துளை போட்டு, ஒவ்வொரு பல்லாக அரத்தால் ராவினான். முதல் சக்கரம் ஒரு மணி நேரத்தில் சிதறியது. இரண்டாவது ஒரு நாள் தாங்கியது. மூன்றாவது காட்டுக் கத்தல் கத்தினாலும் நிற்காமல் ஓடியது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு பம்புகள் லாரி ஏறின. முஸ்தபாவின் விரல்களில் தோலே இல்லை.

அடுத்த வருஷப் பூஜைக்கு இரண்டு ஏஜென்டுகளும் நேரத்திலேயே வந்து, அவரவர் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். நாயுடு இருவரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நேரே போய் முஸ்தபாவின் அரத்துக்கு முதல் சந்தனம் வைத்தார். வயிற்றெரிச்சல் பாதி அடங்கியது.

பொரி கொடுக்கும்போது ஐயாசாமி மெல்ல அருகில் வந்தார். ஒரு மில்லில் அதே சக்கரம் உடைந்து, நூறு பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்களாம். அலமாரியிலிருந்த சக்கரம் எப்போதோ விற்றுப்போயிற்றாம்; புதிதாகச் சீமைச் சாமானை இறக்குமதி செய்ய லைசென்ஸ் கிடைக்கவில்லையாம்.

"ரெண்டு சக்கரம் செஞ்சு குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகுங்க."

"குடுத்துப்போடலாமுங்க," என்றார் நாயுடு. "இனிமே எங்க சக்கரத்தத் தவுர வேற எதையும் விக்கமாட்டேன்னு எழுதிக் கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க."

பொரியை வாயில் போடப்போன முஸ்தபாவின் கை நின்றது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அது நாயுடுவின் கண்ணில் பட்டது. ஆனாலும் காகிதத்தை எடுத்து நீட்டினார்.