புல் காயும் வரை

நோரீன் தவாரெஸுக்குக் கை சும்மா இருக்காது. மொடெஸ்டோவில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டுவிட்டு வந்து, வீட்டிலும் எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பாள். அப்பேர்ப்பட்டவளைத்தான் அவள் வாங்கக் கேட்ட ஒரு வீடு ஆறு மாதமாகக் காக்க வைத்தது.

வீடு டுவேன் ஹாஸ்டெட்லருடையது. லாரி ஓட்டிய வேலை போய், தவணை கட்ட முடியாமல் நின்றவர். பாங்குக்கு அவர் தர வேண்டியது மூன்று லட்சம் டாலர். வீடு இன்றைக்கு அதில் பாதிகூடப் போகாது. நோரீன் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்குக் கேட்டாள். அவரும் பிப்ரவரியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். மீதிக் கடனைப் பாங்கு விட்டுக்கொடுத்தால்தான் விற்பனை. சாமி வரம் கொடுத்தும் பூசாரி அசையவில்லை. மூன்று தடவை காகிதம் தொலைந்தது. நான்கு தடவை அதிகாரி மாறினார்.

ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் நோரீன் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும்.

மே மாதம் அந்த வழியாகப் போனபோது முன்புறப் புல் காய்ந்து கிடந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளிலிருந்து தினமும் மாலையில் வந்து தண்ணீர் விட்டாள். வேலிக்குப் பெயின்ட் அடித்தாள். வாசலில் இரண்டு ஜெரேனியம் பூச்செடி வைத்தாள்.

டுவேன் வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். "ஏம்மா, நிச்சயதார்த்தமே ஆகல. அதுக்குள்ள மாமியார் வீட்டு வாசலைப் பெருக்க வந்துட்டியே."

"நீங்க பெருக்கியிருந்தா நான் ஏன் வரேன்?"

ஜூலையில் வீட்டுத் தரகன் லைல் போன் செய்தான்.

"மேடம், பாங்கு ஒரு ஆளை அனுப்பி வீட்டுக்கு விலை மதிச்சிருக்கு. ஒரு லட்சத்து நாப்பத்தொன்பது வேணுமாம்."

"எனக்குக் கடனே ஒரு லட்சத்து முப்பதுக்குத்தான் தருவாங்க. திடீர்னு எப்படி ஏறிச்சு?"

"பசுமையான புல்தரை, புது வேலி, நல்ல பராமரிப்புன்னு எழுதியிருக்கான். போட்டோ வேற."

"அந்தப் பெயின்ட்டு என் காசு."

"ஆட்சேபம் போட்டிருக்கேன். மூணு வாரத்துல வேற ஆள் வருவான். அதுவரைக்கும் நீங்க ஒரு உதவி செய்யணும்."

"சொல்லு."

"ஒண்ணும் செய்யாதீங்க."

பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை. நோரீன் விடப்போகும் வாடகை வீட்டின் அடுப்பை மூன்று தடவை தேய்த்தாள். திரைச்சீலைகளைத் துவைத்து, காய்ந்ததும் மறுபடி துவைத்தாள். நூற்றி நாலு டிகிரி வெயிலில் காரை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவை நாளுக்கு இரண்டு தடவை சுற்றினாள். புல் முதலில் ஓரத்தில் மஞ்சளித்தது. பிறகு நடுவில்.

ஒரு நாள் தாங்காமல் தண்ணீர் பாட்டிலோடு இறங்கிவிட்டாள்.

"கீழ வை," என்றார் டுவேன்.

"புல்லு போகட்டும். இந்தச் செடி என்ன பாவம் செஞ்சுது?"

"அதுக்கு விலை பத்தொன்பதாயிரம் டாலர். ஊத்தறதுன்னா ஊத்து."

நோரீன் செடியைப் பார்த்தாள். பாட்டிலைத் திறந்து, தண்ணீர் முழுவதையும் தானே குடித்துவிட்டு காருக்குத் திரும்பினாள்.

இரண்டாவது ஆள் வந்தபோது முற்றம் வைக்கோல் நிறத்தில் இருந்தது. "யார் இதைப் பராமரிக்கறாங்க?" என்று கேட்டானாம். "யாருமில்ல," என்றாராம் டுவேன். அன்றைய தேதியில் அது உண்மைதான்.

ஆகஸ்ட் பதினாறில் பாங்கிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு லட்சத்து முப்பதுக்குச் சம்மதம். ஆனால் பத்து நாளில் எல்லாம் முடிய வேண்டும்.

"ஆறு மாசம் தூங்கினவனுக்குப் பத்து நாள்ல என்ன அவசரம்?" என்றாள் நோரீன். சொல்லிக்கொண்டே காலில் செருப்பை மாட்டினாள்.

இருபத்தாறாம் தேதி பத்திரம் பதிவானது. டுவேன் தன் கடைசிப் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டுச் சாவியை நீட்டினார். நோரீன் அதைப் பையில் போட்டுக்கொண்டு நேராகத் தோட்டத்துக் குழாயடிக்குப் போனாள்.

"உள்ள போய்ப் பாக்கலையா?"

"வீடு எங்கயும் ஓடிடாது."

வெடித்த மண் முதல் தண்ணீரை ஏற்கவில்லை. அது வழிந்து நடைபாதைக்கு ஓடியது. நோரீன் கையை அசைக்காமல் அதே இடத்தில் ஊற்றிக்கொண்டு நின்றாள்.