பேழைக்கு முன்னால் ஹிண்டா

யூத ஜெபக்கூடத்தில், பேழையைத் திறந்து தோரா என்னும் வேதச் சுருளை வாசிக்க எடுக்க வேண்டிய நேரம். பெண்கள் அமரும் மாடத்திலிருந்து விறுவிறுவென்று இறங்கி வந்த ஹிண்டா, பேழையின் திரைக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

"எனக்கு ஒரு வழி சொல்லாம இன்னிக்கு வாசிப்பு கிடையாது."

ஸ்லோபின்கா ஊரில் அது பழைய உரிமை. குறை உள்ளவர் யாரும் வாசிப்பை நிறுத்தலாம். ஒரு பெண் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அவள் குறை ஊருக்கே தெரியும். ஐந்து வருஷமாக அவள் கணவன் லெய்ப்ஷ் அவளோடு வாழவும் இல்லை, மணவிலக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கவும் இல்லை. சீட்டு இல்லாமல் அவளுக்கு மறுமணம் கிடையாது. ஆனால் சபையின் பாடகனான லெய்ப்ஷுக்கு அப்படியொரு குரல். அவன் பாடினால் ஊரின் குருவான ரெப்பே கண்ணை மூடிக்கொள்வார். சபையும் கூடவே மூடிக்கொண்டது.

ரெப்பேயின் உதவியாளர் நஃப்தலி ஓடி வந்தார். "ஏம்மா, ஓய்வு நாள்ல சீட்டு எழுதக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும். இன்னிக்கு வாக்கு, நாளைக்கு எழுத்து. மூணு தடவை ரெப்பே வாசலுக்கு வந்தேன், நீங்கதானே துரத்துனீங்க?"

"அடுப்புல சோலண்ட் குழம்பு காஞ்சு போகுது!" என்றது ஒரு பின்வரிசைக் குரல்.

"காயட்டும். நான் அஞ்சு வருஷமாக் காயறேன்."

லெய்ப்ஷ் சிரித்தான். "கத்திக் கத்தி அடங்கிடுவா, விடுங்க." மேடைக்குப் போய், பேழை திறக்கும் மெட்டை எடுத்தான்.

முதல் அடி அவனுடையது. இரண்டாவது அடியை மொத்தச் சபையும் பெஞ்சுகளைத் தட்டி வாங்கிக்கொள்ளும். அன்று யாரும் வாங்கவில்லை. தையற்காரர் யோய்னே முதலில் வாயை இறுக்கி மூடினார். அவரைப் பார்த்துப் பக்கத்து வரிசை மூடியது. மாடத்தில் பெண்கள் எழுந்து நின்றார்கள். லெய்ப்ஷ் இன்னும் உயர்த்திப் பாடினான். தனியாகக் கேட்டால் அது ஒல்லியான, சாதாரணக் குரல்தான். பாதியில் உடைந்தது.

ரெப்பே முகத்திலிருந்து தொழுகைச் சால்வையை விலக்கினார். அவருக்கே வெட்கமாக இருந்தது.

"பாட்டு போதும், லெய்ப்ஷ். அவளுக்குப் பதில் சொல்லு."

"நாளைக்குச் சீட்டு தர்றேன்," என்று அவன் தரையைப் பார்த்து முணுமுணுத்தான்.

நஃப்தலி அவசரமாகத் திரைக்குக் கை நீட்டினார். ஹிண்டா அசையவில்லை.

"மாடத்துக்குக் கேக்கல."

அவன் நிமிர்ந்து, மாடத்தைப் பார்த்து, உரக்கச் சொன்னான். அதன் பிறகே அவள் வழி விட்டாள்.