அகலத் திறக்கும் லென்ஸ்

மண்டூர் ரதீஸ் கலியாண வீடுகளுக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குகளுக்கும் படம் எடுக்கிறவன். அவனுடைய தங்கச்சி நிருஷா கபடி ஆடுகிறவள். தகப்பன் இல்லாத வீடு. தாய் கேதீஸ்வரி வயல் வட்டைக்குள் கூலிக்குப் போய்த்தான் இரண்டு பேரையும் ஆளாக்கினாள். நிருஷாவுக்கு மாகாண மட்டத்தில் பேர் வரத் தொடங்கியபோது, அவள் ஆடுவதை ஒழுங்காக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை ரதீஸைப் பிடித்துக்கொண்டது.

முதல் தடவை எடுத்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. டவுனில் உள்ளரங்கு ஒன்றில் போட்டி. கூரை லைட்டுகளில் பாதி எரியவில்லை. ஆடுகிற பிள்ளைகளுக்குக் கண் கூசும் என்று பிளாஷ் அடிக்கவும் விடவில்லை. கலியாணத்துக்குக் கொண்டுபோகிற அதே கமெராவும், அதோடு கூட வந்த லென்ஸும்தான் கையில். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படம் இருண்டது. குறைத்தால் ஆட்கள் புகை மாதிரி இழுபட்டுப் போனார்கள். நிருஷா பார்த்துவிட்டு, இது நானா பேயா என்று கேட்டுச் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கிழமை பாதைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, அக்கரையில் பஸ் பிடித்துக் காத்தான்குடிக்குப் போனான். அங்கே நிஸ்தார் நானா பழைய கமெரா வாங்கி விற்கிறவர். கட்டாரில் கமெராக் கடையில் நெடுநாள் நின்றுவிட்டு வந்தவர். ரதீஸ் புதுக் கமெரா ஒன்று கேட்டான். அவர் அந்த இழுபட்ட படங்களைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார்.

"கமெராவ மாத்தினாலும் இதே கதைதான் தம்பி. உன்ட லென்ஸில வெளிச்சம் உள்ள போற வாசல் சின்னன்."

இரண்டு லென்ஸை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். ஒன்று நீளமானது, பாரமானது. தூரத்தையும் கிட்டத்தையும் இழுத்துக் காட்டும். மற்றது கட்டையான எண்பத்தைந்து மில்லிமீற்றர். அது இழுக்காது. இருந்த இடத்தில் இருந்துகொண்டு முன்னால் வருவதைத்தான் எடுக்கலாம். ஆனால் வெளிச்சத்துக்கு அந்த நீளமானதை விட அகலமாகத் திறக்கும். பின்பக்கத்து இருட்டு அறையில் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியை ரதீஸ் இரண்டாலும் எடுத்துப் பார்த்தான். நீளமானதில் தகடுகள் கொஞ்சம் கலங்கின. கட்டையானதில் காற்றாடி நிறுத்தி வைத்தது போல நின்றது. நிஸ்தார் நானா நீளமானதைத்தான் சொன்னார், கலியாணத்துக்கும் அதுதான் உதவும் என்று. ரதீஸ் கட்டையானதை எடுத்தான். தன் ட்ரோனைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தான். ட்ரோன் இல்லாதவனை இனி ஆர் கலியாணத்துக்குக் கூப்பிடுவாங்க என்று தாய் பேசினாள். பாப்பம் என்றான்.

மாகாண இறுதிப் போட்டியும் அதே அரங்கில்தான் வந்தது. தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறவர்களும் வந்திருந்தார்கள். ரதீஸ் நடுக்கோடு நேராகத் தெரிகிற மூலையில் நிலத்தில் சப்பணம் போட்டு இருந்தான். முதல் பாதியிலேயே தெரிந்துவிட்டது, லென்ஸ் பிழை விடவில்லை. வியர்வைத் துளிகூடத் தனித்தனியாக நின்றது. அவனுக்குள் ஒரு வெறி ஏறிக்கொண்டு வந்தது.

கடைசி நேரம். நிருஷாவின் அணி ஒரு புள்ளி பின்னால். அவள் கபடி பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். மூன்று பேர் சேர்ந்து பிடித்தார்கள். பிடிபட்டாலும் மூச்சு விடுமுன் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்தவர்கள் எல்லாரும் வெளியே, ஆட்டம் இவர்களுக்கு. அவள் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டுக்குப் பாய்ந்தாள். வலது முழங்கால் உடம்பு போன பக்கம் போகாமல் மற்றப் பக்கம் மடங்கியது. ரதீஸின் விரல் பொத்தானை விடவில்லை. விசில் கேட்டது. அவள் கத்தியதும் கேட்டது. அதற்குப் பிறகும் அவன் எடுத்தான். யாரோ தோளில் தட்டி, உன்ட தங்கச்சிடா என்று சொன்ன பிறகுதான் கமெரா கண்ணை விட்டு இறங்கியது.

கோட்டைத் தொடவில்லை என்று நடுவர் கையை விரித்துவிட்டார். ஆஸ்பத்திரியில், முழங்காலுக்குள் சவ்வு அறுந்துவிட்டது, வெட்டித் தைத்தாலும் பழையபடி ஆடலாம் என்று நம்ப வேண்டாம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு கிடந்த நிருஷா, படத்தைக் காட்டச் சொன்னாள். ஒன்றும் சரியா வரல்ல, இருட்டு என்று பொய் சொன்னான். அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் கமெராவைக் கொடுத்தான்.

அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனாள். முழங்கால் மடங்குவது, முகம் கோணுவது எல்லாம் கல்லில் வெட்டினது போலத் தெளிவு. அவள் அதில் நிற்கவில்லை. ஒரு படத்தில் நின்று பெருப்பித்தாள். அவளுடைய இரண்டு விரல்கள் வெள்ளைக் கோட்டின் மேல் இருந்தன.

"தொட்டிருக்கன்," என்றாள்.

ரதீஸ் அன்றைக்கே அதை அவளுடைய பயிற்றுவிப்பாளருக்கு அனுப்பினான். முடிவு கொடுத்தது கொடுத்ததுதான், இனி ஒன்றும் செய்ய ஏலாது, ஆனால் நல்ல படம் என்று பதில் வந்தது. தேசிய அணியில் வேறு பிள்ளைகளைப் போட்டாயிற்று. படம் பேஸ்புக்கில் ஊர் ஊராகப் போனது. என்ன கமெரா, என்ன லென்ஸ் என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கேட்டார்கள். கல்முனையில் ஒரு போட்டிக்குப் படம் எடுக்க வரச் சொல்லியும் ஆள் அனுப்பினார்கள். கையில் வேறு வேலை இல்லாத நேரம். போகட்டுமா என்று தங்கச்சியிடம் கேட்டான்.

அவள் கமெராவை வாங்கி அந்தப் படங்களைத் திரும்பவும் தள்ளிப் பார்த்தாள். "நான் விழுந்த பிறகும் நிறைய எடுத்திருக்காய். ஏன் அண்ணா நிப்பாட்டல்ல?"

கோபமாகக் கேட்டிருந்தால் எதையாவது சொல்லியிருப்பான். அவள் சும்மா, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தாய் அடுப்படியில் சட்டி கழுவுவதை நிறுத்தியது கேட்டது. நிருஷா கமெராவை அவன் பக்கம் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கல்முனைக்கு அவன் போகவில்லை. பிறகு வந்த கபடிக்கும் போகவில்லை. அந்த லென்ஸில் மணப்பெண்ணின் முகத்தை எடுத்தால் பின்னால் எல்லாம் கரைந்து அழகாக வருகிறது என்று சனம் சொன்னது. ட்ரோன் இல்லாவிட்டாலும் கூப்பிட்டார்கள். நிருஷா கால் தைத்து நடக்கத் தொடங்கினாள். இறங்கும் இடங்களில் மட்டும் காலை இழுப்பாள். அண்ணனோடு கதை பேச்சில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஆவணியில் பெரியம்மாவின் மகளுக்குக் கலியாணம். குடும்பத்து ஆட்களையெல்லாம் மணவறையில் நிறுத்தி ரதீஸ் கமெராவைத் தூக்கினான். தாய்க்குப் பக்கத்தில் நின்ற நிருஷா, குலையாத சேலை மடிப்பைக் குலைந்துவிட்டதென்று சொல்லிக்கொண்டு கீழே இறங்கினாள். அவள் வருவாள் என்று எல்லாரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவள் இல்லாமலே எடுக்கச் சொன்னாள் தாய்.