நாற்பது மணி நேர நோட்டு

ஐசியூவில் அவளுக்கு நோட்டுக்காரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வைத்ததில் தப்பில்லை. சுவாச சிகிச்சையில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் நாற்பது மணி நேரம் ஓர் ஆஸ்பத்திரியில் கூட நின்று பார்க்க வேண்டும். பார்த்ததைக் கைப்பட எழுதி, பக்கத்துக்குப் பக்கம் தலைமை சிகிச்சையாளரிடம் கையெழுத்தும் வாங்க வேண்டும். மற்றவர்கள் ஒப்புக்கு நாலு வரி கிறுக்குவார்கள். இவளோ ஒவ்வொரு வென்டிலேட்டருக்கும் முன்னால் நின்று, திரையில் ஓடும் எண்களை மணி வாரியாக முத்து முத்தாக எழுதுவாள்.

போன வருடம் காத்திருப்போர் பட்டியலில் ஏழாவதாக நின்றாள். ஆறாவது ஆளோடு கதவைச் சாத்திவிட்டார்கள். "இந்தத் தடவையும் இல்லைன்னா என்கூட துணிக்கடைக்கு வந்துடு" என்று அண்ணன் கறாராகச் சொல்லியிருந்தான். விண்ணப்பம் இன்று மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. இப்போது மணி மூன்று.

கையெழுத்துப் போட வேண்டியவளை எல்லோரும் புயல் அக்கா என்பார்கள். பதினான்கு வென்டிலேட்டர்களுக்கு ஒரே ஆள். அத்தனையையும் பத்து நிமிடத்தில் சுற்றிவிடுவாள். அது எப்படி முடிகிறது என்று யாரும் கேட்டதில்லை.

மளமளவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவள், மூன்றாம் படுக்கையைப் பற்றிய பக்கம் வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

"என்னடி இது?"

"காத்தை உள்ளே தள்ள மெஷின் எவ்வளவு அழுத்துதுன்னு குறிச்சேன்க்கா. நேத்து காலையில இருபத்திநாலு. சாயங்காலம் முப்பது. இன்னிக்குக் காலையில முப்பத்தேழு."

"அது சரி. கீழே இது? 'சளி எடுக்கவில்லை'ன்னு நாலு இடத்துல?"

"எடுக்கலையேக்கா. நான் இங்கேயேதானே நின்னேன்."

புயல் அக்கா ஆஸ்பத்திரியின் சார்ட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். எல்லாக் கட்டத்திலும் இருபத்துநான்கு. எல்லாக் கட்டத்திலும் 'சளி எடுத்தாச்சு' என்று ஒரு டிக். நாலு மணிக்கான கட்டமும் நிரம்பியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்றேகால்.

நோட்டுக்காரி சார்ட்டையும் தன் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தொண்டைக் குழாய்க்குள் சளி கொஞ்சம் கொஞ்சமாக இறுகிவந்தால் எண் இப்படித்தான் படிப்படியாக ஏறும். முதல் நாள் அதைச் சொல்லிக்கொடுத்ததே புயல் அக்காதான்.

"என் சார்ட்டு ஒண்ணு சொல்லி, உன் நோட்டு ஒண்ணு சொன்னா நான் எதுல கையெழுத்துப் போடறது? அந்தப் பக்கத்தை மட்டும் மாத்தி எழுதிட்டு வா."

"அப்ப அவருக்கு?"

"நீ எழுதிட்டு வர்றதுக்குள்ள நானே சளி எடுத்துடறேன். போதுமா? பதினாலு பேரை ஒத்தை ஆளாப் பாத்துப் பாரு, அப்பத் தெரியும்."

நோட்டுக்காரி இடத்தில் நாமாக இருந்தால் நோட்டை முகத்திலேயே விட்டெறிந்திருப்போம் என்று பேசுவது சுலபம். பேசுகிறவர்களுக்கு ஐந்து மணிக்கு எந்தக் கதவும் மூடப்போவதில்லை. அவள் டீ அறையில் உட்கார்ந்து எழுதினாள். இருபத்துநான்கு. இருபத்துநான்கு. இருபத்துநான்கு. எழுத்து வழக்கம்போல அழகாக விழுந்தது. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

புயல் அக்கா பழைய தாளைக் கிழித்து, கழற்றிய கையுறைகளைப் போடும் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, புதிய பக்கத்தில் கையெழுத்திட்டாள்.

"சளி எடுத்துட்டீங்களாக்கா?"

"ம்."

நோட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து போனிலேயே அனுப்பினாள்; நாலு பத்துக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. 'பெற்றுக்கொண்டோம்' என்று செய்தி வந்ததும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு மூன்றாம் படுக்கையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள். கண்ணாடிக்கு வெளியே அந்த நோயாளியின் மனைவி நின்றிருந்தாள்.

"எல்லாத்தையும் ஒழுங்கா எழுதற பொண்ணு நீதானேம்மா? அவருக்கு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்காரும்மா."

சொல்லிக்கொண்டே கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு. அப்போதுதான் அலாரம் அலறியது.

டூட்டி டாக்டர் ஓடிவந்தார்; அவர் பின்னாலேயே நோட்டுக்காரியும் உள்ளே நுழைந்தாள். மெஷினைக் கழற்றிவிட்டு, கையால் அமுக்கிக் காற்றடிக்கும் பையைக் குழாயில் மாட்டி அமுக்கினார். பை கல்லாக இருந்தது.

"சளி எப்ப எடுத்தீங்க?"

"நாலு மணிக்கு எடுத்தேன் டாக்டர்" என்றாள் புயல் அக்கா. குரலில் பிசிறில்லை.

டாக்டர் சார்ட்டைப் பார்த்தார். "நாலு மணி வரைக்கும் இருபத்திநாலு. அப்ப குழாய் அடைப்பு இல்லை. திடீர்னு ஏறியிருக்கு. நுரையீரல் கிழிஞ்சு நெஞ்சுக்குள்ள காத்து கட்டியிருக்கு. ஊசி எடுங்க, காத்தை வெளியே விடணும்."

"டாக்டர்!" அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை. "திடீர்னு இல்லை. நேத்துல இருந்தே ஏறுது. முப்பது, முப்பத்தேழு... சளியே எடுக்கலை. குழாய்தான் அடைச்சிருக்கு."

டாக்டர் திரும்பினார். அவள் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கிப் புரட்டினார். முத்து முத்தான எழுத்து. மணி வாரியாக இருபத்துநான்கு. சளி எடுத்தாச்சு, எடுத்தாச்சு, எடுத்தாச்சு. ஓரத்தில் கையெழுத்து.

"நீ எழுதினதுதானே இது?"

"நான்தான். ஆனா அது பொய் டாக்டர்."

"பயந்துட்டா, பாவம். ஏதேதோ உளர்றா" என்றாள் புயல் அக்கா.

"ரெண்டு பேர் கைப்பட எழுதினதை நம்பறதா, நீ இப்ப சொல்றதை நம்பறதா? எனக்கு நேரமில்லைம்மா, தள்ளு." நோட்டைப் படுக்கையின் மேல் போட்டுவிட்டு டாக்டர் ஊசியை வாங்கினார்.

காற்று கட்டியிருந்தால் ஊசி இறங்கியதும் புஸ்ஸென்று சத்தம் வரும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த மனைவி, நோட்டு எழுதும் பெண் உள்ளே இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசி இறங்கியது. சத்தம் எதுவும் வரவில்லை.