திருப்பிக் கொடுத்த கார்டு

குரோம்பேட்டையில் ரயில்வே லைனை ஒட்டியிருந்த அந்த வால்வு தொழிற்சாலையில் ஆயுத பூஜை என்றால் காலையில் லேத்துகளுக்குச் சந்தனம் குங்குமம், வாசலில் பூசணிக்காய், மதியம் கேன்டீனில் பட்டிமன்றம். 1993-ஆம் வருடத்துக்கான தலைப்பைப் பர்சனல் ஆபீசர் சம்பத் கொடுத்திருந்தார். ‘நாட்டில் எல்லோருக்கும் ஒரே அரசு மருத்துவத் திட்டம் தேவையா, தேவையில்லையா?’ நடுவரும் அவர்தான்.

தேவை என்று பேச ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் கேன்டீனில் பாத்திரம் கழுவும் அங்காளம்மாள், ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“எனக்கு மேடைல பேசத் தெரியாது. எங்க வூட்டுக்காரருக்குக் கிட்னி ரெண்டும் பூட்ச்சி. என்னோட இ.எஸ்.ஐ. கார்டாலதான் அவரு உசுரோட கீறாரு. வாரம் ரெண்டு தபா மெஷின்ல படுக்கிறாரு, ஒரு பைசா கேக்கல. நீங்க அல்லாரும் மாசாமாசம் கட்டுறதுலதான் அது நடக்குது. இதே மாதிரி ஒரு கார்டு ஊர்ல அல்லாருக்கும் இருந்தா இன்னா தப்பு?”

அவளுக்குப் பதில் சொல்ல எழுந்தவர் தனசிங். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை, அஸ்தினாபுரத்தில் வீடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற கணீர்க் குரல்.

“அங்காளம்மா சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கறேன். நம்ம எல்லார் டிபன் பாக்ஸையும் ஒரே அண்டாவுல கொட்டிக் கிளறி, ஆளுக்கு ஒரு கரண்டி ஊத்தினா சாப்பிடுவீங்களா? என் பிரியாணி எனக்கு, உங்க புளிச்சோறு உங்களுக்கு. அடுத்தவன் வியாதிக்கு நான் ஏன் சார் பணம் கட்டணும்?”

கேன்டீன் கூரை அதிரச் சிரித்தார்கள். அங்காளம்மாளும், சிரிக்காவிட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று சிரித்துவைத்தாள். ‘தேவையில்லை’ என்று தீர்ப்பு சொல்லி, சிறந்த பேச்சாளருக்கான எவர்சில்வர் கேரியரைத் தனசிங்கிடம் கொடுத்தார் சம்பத்.

கைதட்டல் பொல்லாதது. அது மனிதனைச் சும்மா இருக்க விடாது. அந்தத் தொழிற்சாலையில் இ.எஸ்.ஐ. கார்டு வைத்திருப்பவன் ‘ஒர்க்கர்’, வைத்திராதவன் ‘ஸ்டாஃப்’. வேறு சாதி அங்கே தேவைப்படவில்லை. மாதச் சம்பளம் மூவாயிரத்தைத் தாண்டினால் கார்டு கிடையாது என்பது அப்போதைய சட்டம். தாண்டக் கொஞ்சம்தான் பாக்கி என்று தெரிந்த தனசிங், தனியாக வந்துகொண்டிருந்த இன்சென்டிவ் தொகையைச் சம்பளத்தோடு சேர்த்துவிடும்படி சம்பத்திடம் எழுதிக் கொடுத்தார். கார்டு முடிந்துபோன அன்று அவரே நேரில் போய் அதைச் சம்பத்தின் மேஜைமேல் வைத்தார்.

“இனிமே டிஸ்பென்சரி க்யூல நிக்க வேண்டாம், ஹில்டா” என்றார் மனைவியிடம்.

“க்யூல நின்னது நான்தானேங்க. எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்லையே” என்றாள் ஹில்டா. அதற்குமேல் அவள் எதிர்த்துப் பேசியதில்லை.

பிப்ரவரியில் ஹில்டாவின் கால்கள் வீங்கின. புதுச் செருப்பு கடிக்கிறது என்று நினைத்தார்கள். பிறகு முகம் வீங்கியது. தாம்பரத்து டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, “எவ்ளோ நாளா இப்படி?” என்று மட்டும் கேட்டார். இரண்டு சிறுநீரகங்களும் போயிருந்தன.

தனியார் நர்சிங் ஹோமில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வளையல்கள் போயின, ஸ்கூட்டர் போயிற்று. அரசு ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிக்கொண்டார்கள். அங்கே முன்னால் எழுதியிருந்த பெயர்கள் நிறைய. மே மாதத்தில் ஹில்டாவே ஒருநாள், “வாரத்துக்கு ஒண்ணு போதுங்க. அவ்வளவா மூச்சு வாங்கல” என்றாள். அது பொய் என்று தெரிந்தும் தனசிங் தலையாட்டினார். அதற்காகத் தன்னை அவரால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் சம்பத்தின் அறையில் நின்றார்.

“சார், என் சம்பளத்தைக் குறைச்சிடுங்க.”

சம்பத் பேனாவைக் கீழே வைத்தார். “என்ன தனசிங் இது?”

“பழைய சம்பளம் போதும் சார். இன்ஸ்பெக்‌ஷன் வேண்டாம், லோடிங்ல போடுங்க. கார்டு மட்டும் வாங்கிக் குடுங்க.”

“வியாதி வந்தப்புறம் கார்டுக்காகச் சம்பளத்தைக் குறைச்சேன்னு நான் எப்படி எழுதறது? கையெழுத்துப் போட மேனேஜ்மென்ட் ஒத்துக்காது. ஐயாம் ஸாரி. நீங்களே கேட்டு வாங்கினதுதானே?” சம்பத் கெட்டவர் அல்ல. அதனால் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

விஷயம் கேன்டீனுக்குப் போயிற்று. ஹில்டாவுக்குக் கஞ்சி கொண்டுபோகத் தனசிங் பரிசு கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தபோது அங்காளம்மாள் பக்கத்தில் வந்தாள்.

“சார், எங்க வூட்டுக்காரரு முறைல ஒரு தபா அக்காவ படுக்க வெக்கலாமான்னு நர்ஸம்மாவ கேட்டேன். கார்டுல பேர் இல்லாத ஆள ஏத்த முடியாதுன்னுட்டாங்க. எங்க வூட்டுக்காரரு சரின்னுதான் சொன்னாரு சார். நான் இன்னா பண்றது?”

தனசிங் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதார். இவளைத்தானே சபை நடுவே சிரிக்கவைத்தோம் என்று நெஞ்சு எரிந்தது.

ஆகஸ்டில் ஹில்டா இறந்தாள். அடக்கம் முடிந்த நான்காம் நாள் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து தபால் கார்டு வந்தது, அவளுடைய முறை வந்துவிட்டதென்று.

அந்த வருட ஆயுத பூஜைக்கும் சம்பத் அதே தலைப்பைக் கொடுத்தார். கேட்டு வாங்கியது தனசிங். இந்த முறை அவர் ‘தேவை’ பக்கம் நின்றார்.

“போன வருஷம் அடுத்தவன் வியாதிக்கு நான் ஏன் கட்டணும்னு கேட்டேன். இப்ப பதில் சொல்றேன். வியாதி சம்பளச் சீட்டைப் பார்த்து வர்றதில்லை. இன்னிக்கு அடுத்தவன், நாளைக்கு நாம. ஊரே சேர்ந்து கட்டினா ஒரு உயிரைக் காப்பாத்தலாம். தனியாக் கட்டினா வீட்டை வித்தாலும் காப்பாத்த முடியாது. நான் தனியாக் கட்டிப் பார்த்துட்டேன்.”

எதிரணியில் எழுந்தான் சிட்டிபாபு, ஸ்டோர்ஸில் புதிதாகப் பதவி உயர்வு பெற்றவன்.

“சாரோட துக்கத்துல நாங்களும் பங்கெடுத்துக்கறோம். ஆனா சாரே சொல்லிக்குடுத்த பாடம் ஒண்ணு இருக்கு. எல்லார் டிபன் பாக்ஸையும் ஒரே அண்டாவுல கொட்டினா...”

அவன் முடிப்பதற்குள் பின்வரிசை சிரித்தது. முன்வரிசை தனசிங்கைப் பார்த்துத் தயங்கியது. பிறகு அதுவும் சிரித்தது. தீர்ப்பு மாறவில்லை. புதுக் கேரியர் சிட்டிபாபுவுக்குப் போயிற்று.

கூட்டம் கலையும்போது தனசிங் அவன் தோளைத் தொட்டார். “தம்பி, நல்லாப் பேசினீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க கார்டை மட்டும் திருப்பிக் குடுத்துடாதீங்க.”

சிட்டிபாபு பெருமையாகச் சிரித்தான்.

“போன மாசமே குடுத்துட்டேன் சார். நான் இப்ப ஸ்டாஃப்.”